நகரிக்காரன் மாட்டிக்கொண்ட டிஜிட்டல் காது

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் ரகசியம் பேச வேண்டுமானால் தறிக் கொட்டாய்க்குள் போக வேண்டும். உள்ளே பவர்லூம்கள் வரிசையாக ஓடும்போது தொண்டைக்கு வேலையே கிடையாது. உதட்டை அசைத்தால் போதும், எதிர் மூலையில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பவனுக்கு எல்லாம் புரிந்துவிடும். யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள், எந்த முதலாளி மாமியாரிடம் திட்டு வாங்கினான் என்பதெல்லாம் எங்களூரில் சத்தமே இல்லாமல் பரவும். வெளியே வந்தால்தான் வம்பு. நகரிக்காரன் தெருவில் நின்று காதோடு காதாக ஒன்று சொன்னால் புத்தூர் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் திரும்பிப் பார்ப்பான். சாவு வீட்டில் ஒருத்தர் மெல்ல, "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டால், எடுக்கப்பட வேண்டியவரைத் தவிர எல்லாரும் பதில் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் எனக்குக் காது மந்தம் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் மந்தமாக இருக்கிற இடத்தில் யார் யாரைச் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் தறியோடுதான் வாழ்கிறோம். நான் தறியைப் பார்த்துக்கொள்வேன், அவள் குறுக்கே ஓடுகிற ஊடைக்கு நூல் சுற்றுவாள். எனக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு போக, அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒரே அளவில் நடந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, மிளகுக் கஷாயத்துக்கும் மசியாமல் நாள்கணக்கில் நீண்டபோதுதான் திருப்பதியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். கட்டிக்கொடுத்த எங்கள் மகள் திருப்பதியில்தான் இருக்கிறாள், அவள் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு குழாயை உள்ளே விட்டு டிவியில் காட்டினார். குரல் வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் சின்னதாகக் காய்ப்பு. தறியில் வேலை செய்கிறவன் உள்ளங்கையில் இருக்குமே, அதே மாதிரி. "இத்தன வருஷமா யாருகிட்டம்மா இப்படிக் கத்தினீங்க?" என்று கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

டாக்டர் சொன்னது இதுதான். இனிமேல் கத்தவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் தொண்டைக்குக் கெடுதல். சாதாரணக் குரலில், கொஞ்சமாகப் பேச வேண்டும். அப்படி இருந்தால் காய்ப்பு கரையலாம். மறுபடியும் கத்தினால் ஆபரேஷன் வரைக்கும் போகும், அதற்குப் பிறகும் குரல் எப்படி இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது. இவ்வளவையும் அவர் டாக்டர்களுக்கே உரிய மெல்லிய குரலில் சொன்னதால் எனக்குப் பாதிதான் எட்டியது. "இன்னா சொல்றாரு?" என்றேன். என் மனைவி என் பக்கம் திரும்பி, "கத்தக் கூடாதாம்யா!" என்று கத்தினாள். வெளியே டோக்கனோடு காத்திருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று.

ஆக, அவள் தொண்டை என் காதில் மாட்டிக்கொண்டது. எனக்கு நன்றாகக் கேட்டால் அவள் கத்த வேண்டியதில்லை, குரல் பிழைக்கும். கேட்காவிட்டால் அவள் கத்துவாள், அல்லது என்னோடு பேசுவதையே விட்டுவிடுவாள். இரண்டில் எது நடந்தாலும் நான் செத்தேன்.

என்னிடம் ஒரு மெஷின் ஏற்கெனவே இருந்தது. எப்போதோ சித்தூர் போனபோது வாங்கியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர் வரும். பக்கத்தில் ஒரு சக்கரம். திருகினால் சத்தம் ஏறும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதன் ஜாதி அனலாக் என்று எனக்கு அப்போது தெரியாது. வந்த சத்தத்தையெல்லாம் அப்படியே பெரிதாக்கிக் கொடுக்கும் பாவப்பட்ட பிராணி அது. "துன்ன வாய்யா" என்று அவள் கூப்பிட்டால், அந்தச் சொல்லோடு தறி, மிக்சி, எதிர் வீட்டு நாய், என் சட்டை டப்பாவில் உரசுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து ஊர்வலமாக வரும். சோறு அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருக்கும், நான்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பீரோவுக்குள் போட்டுவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்வேன், அது என்னை ஏமாற்றவில்லை.

மகளுக்கு அந்த டப்பாவைப் பற்றிப் பேசினாலே ஆகாது. "அத தூக்கிப் போடு நைனா, அது அனலாக்கு. இப்ப எல்லாமே டிஜிட்டல்" என்றாள். அது உண்மைதான். எங்களூரில் கல்யாண பேனர் டிஜிட்டல், போட்டோ ஸ்டூடியோ டிஜிட்டல். ஒரு சலூன்காரர் போர்டில் டிஜிட்டல் என்று எழுதி வைத்திருக்கிறார், உள்ளே போனால் அதே கத்திரிக்கோல், அதே சீப்பு, அதே அரசியல். டிஜிட்டல் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் "புதுசு" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காது மெஷின் கடை திருப்பதி ரெயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. காதைச் சோதிக்கிற பெண் தெலுங்குக்காரி. மலைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவள். விலையைச் சொன்னாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தை எந்த மெஷினும் இல்லாமல் எனக்குக் கணீரென்று கேட்டது. எனக்குப் புரியாத எதையும் காதில் மாட்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். "அனலாக்குக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்? சொல்லு, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

அவள் சளைக்கவில்லை. "அங்கிள், திருமலைக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டாள்.

"பஸ்ல."

"பஸ் ரோட்டுல ஏறிக்கிட்டே போகுது இல்ல, அனலாக் அந்த மாதிரி. வெளிய சத்தம் எப்படி ஏறி எறங்குதோ, மெஷின் உள்ள கரண்ட்டும் அப்படியே ஏறி எறங்கும். நடுவுல எங்கயும் விட்டுப் போகாது. டிஜிட்டல்னா அலிபிரி அடிவாரத்துல இருந்து படி ஏறுற மாதிரி. சத்தம் இப்ப எந்தப் படியில இருக்குன்னு அளந்துக்கிட்டே இருக்கும். ஒரு செகண்டுக்குள்ள ஆயிரமாயிரம் தடவ அளந்து, எல்லாத்தையும் நம்பரா மாத்தி வச்சுக்கும்."

"ரெண்டு படிக்கு நடுவுல நின்னா?"

"நிக்க முடியாது அங்கிள். இந்தப் படி, இல்லன்னா அந்தப் படி."

"எனக்கு முட்டி வலி. நான் நடுவுலதான் நிப்பேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் பொறுமையாக, "படி ரொம்ப ரொம்ப சின்னது அங்கிள். ஏறினதே தெரியாது" என்றாள்.

"தெரியாதுன்னா அத இன்னாத்துக்குப் படின்னு சொல்லிக்கினு? ரோடுன்னே உட்டுடலாமே."

நல்ல கேள்வி என்று அவளே ஒத்துக்கொண்டாள். நம்பராக மாற்றிவிட்டால் மெஷினால் கூட்டிக் கழிக்க முடியும், அதுதான் விஷயம் என்றாள். மனிதப் பேச்சு விட்டு விட்டு ஏறி இறங்கிக்கொண்டு வரும். ஃபேன், மோட்டார், ரோட்டு இரைச்சல் எல்லாம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நம்பர்களைப் பார்த்து இது பேச்சு, இது இரைச்சல் என்று பிரித்து, பேச்சைத் தூக்கி, இரைச்சலை அமுக்கிவிடுமாம். பழைய டப்பா வந்ததையெல்லாம் சுமந்துவருகிற ஆள். இது வாசலில் நின்றுகொண்டு, யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்று முடிவு செய்கிற ஆள். எனக்கு எது நல்லது என்று முடிவு செய்ய ஏற்கெனவே ஒரு மகள் இருக்கிறாள், இன்னொரு ஆள் தேவையா என்று யோசித்தேன்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து என் எதிரே வந்து நின்றாள். கொட்டாய்க்குள் பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்து, "வாங்கிக்கோய்யா" என்றாள். சரி, மாட்டு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

முதலில் காதை அளக்க வேண்டும் என்றார்கள். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அந்தப் பெண். காதில் 'பீப்' என்று வரும். எவ்வளவு மெல்லியதாக வந்தாலும், கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் அமுக்கக் கூடாது. "கேட்டும் கேக்காத மாதிரி இருந்தா?" என்றேன். "கேட்டுச்சா, கேக்கலையா, ரெண்டுல ஒண்ணுதான் அங்கிள்" என்றாள். இங்கேயும் படிதான், ரோடு இல்லை என்று புரிந்துகொண்டேன். அவள் வெளியே போய்க் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தன் மெஷினோடு உட்கார்ந்தாள். அவள் கையை நான் பார்த்துவிடக் கூடாது என்று என் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள்.

சுவரில் பெருமாள் படம், கண்ணாடிச் சட்டம் போட்டது. திருப்பதியில் காது சோதிக்கிற அறையிலும் அவர்தான். நானும் பக்தியோடு அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மார்புக்கு நேராகக் கண்ணாடியில் அந்தப் பெண் தெரிந்தாள். ஒவ்வொரு முறை சத்தத்தை அனுப்பும்போதும் அவள் வலது தோள் லேசாக அசைந்தது, பிறகு நிமிர்ந்து என் முதுகைப் பார்த்தாள். நான் அமுக்கினேன்.

திருட்டுத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சத்தம் கேட்டதா, தோள் அசைந்தது தெரிந்ததா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரியாது. தறிக்காரனுக்குக் கண்ணும் காதும் கூட்டுக் குடும்பம், ஒரே அடுப்பில் சமைக்கிறவர்கள், யார் அரிசி போட்டார்கள், யார் உப்புப் போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. ஓடுகிற தறியின்மேல் பார்வையை வைத்துக்கொண்டே, பக்கத்துத் தறிக்காரன் தோளை அசைத்தால் கூப்பிடுகிறான் என்று திரும்புகிறவன் நான். அவள் தோள் அசைந்தால் எனக்கு 'பீப்' கேட்கத்தான் செய்யும்.

வெளியே வந்தபோது அவள் காகிதத்தில் விழுந்த கோட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள். "பரவாலேது அங்கிள்! தறி ஓட்டினவர்னு சொன்னீங்க, வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு." நான் மகளை ஒரு பார்வை பார்த்தேன். பத்தாங்கிளாஸில்கூட நான் அப்படிப் பாஸ் பண்ணியதில்லை. அந்தக் கோட்டை வைத்து, மெஷின் எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டு, என் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். முந்திரிப் பருப்பு அளவுதான் இருந்தது. ஒயர் இல்லை, சக்கரம் இல்லை, மனிதன் கையால் திருகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

மகள் அதை என் போனோடு சேர்த்து வைத்தாள். அதனால் போன் வந்தால் மணி என் மண்டைக்குள் அடித்தது. நான் போனில் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறவன். நாராயணவனம் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது, மண்டைக்குள் ஒரு பெண் குரல் அவ்வளவு கனிவாக, "சார், மீக்கு லோன் காவாலா?" என்று தெலுங்கில் கேட்டது. தாயாரே நேரில் வந்து கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் நான் உருகிப்போனேன். என்ன லோன் என்று வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். அர்ச்சகர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த கூத்து வீட்டில். வீட்டுக்குப் பின்னால்தான் கொட்டாய். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் தறியின் கடகடப்பு சுவரைத் தாண்டி என் மந்தக் காதுக்கும் எட்டும். மெஷினை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். முதலில் தறி கேட்டது, பிறகு மெல்ல மெல்ல அடங்கி ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததை யார் பார்த்தார்கள்? வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினேன். கொட்டாய் வாசலில், கூலிக்கு எங்கள் தறியை ஓட்டுகிறவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். "தறிய ஏன்யா நிறுத்தன?" என்று பாய்ந்தேன். அவன் உள்ளே பார்த்தான், என்னைப் பார்த்தான். "எல்லாம் ஓடிக்கினுதான் கீது மொதலாளி" என்றான். சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரே மாதிரி ஓடுகிறதாம், அதனால் இரைச்சலாம், அதனால் வேண்டாமாம். எனக்குச் சோறு போடுகிற சத்தத்தை வேண்டாம் என்று சொல்ல இந்த முந்திரிப் பருப்பு யார்?

ஆனால் எதற்காக வாங்கினோமோ அது நடந்தது என்றுதான் இரண்டு பேரும் நம்பினோம். அவள் எதிரே உட்கார்ந்து டாக்டர் சொன்னபடி மெல்லப் பேசினாள், நான் டாண் டாண் என்று பதில் சொன்னேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, தறியை முழுங்கினாலும் பரவாயில்லை என்று மெஷினை மன்னித்தேன். அக்கம்பக்கத்தார் வந்து என் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இப்ப நான் கத்தறதே இல்ல, எல்லாம் கேக்குது" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். குழம்பு நன்றாக இருந்தது, நான் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்பளத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவள் முகமெல்லாம் ஈரம்.

"இன்னாமே, வெங்காயமா?" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். அந்த வீட்டில் அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை. "இவ்ளோ நேரம் நான் சொன்னது?" என்றாள்.

"இன்னா சொன்ன?"

அவ்வளவுதான். "இவ்ளோ நேரம் செவுத்துகிட்டயா பேசினேன்?" என்று கத்தினாள். டாக்டர் சொன்னதற்குப் பிறகு அவள் கத்தியது அன்றுதான். முதல் வார்த்தை மட்டும் சத்தமாக வந்தது, மீதி அவள் உதட்டில்தான் தெரிந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சோற்றுக் கையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையை எடுத்துத் தன் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் என்னைப் பார்த்தது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, "இப்ப இன்னா சொன்னேன்?" என்று உதட்டை அசைத்தாள்.

"நீ ஒண்ணுமே சொல்லலியே."

"மோர் ஊத்தட்டான்னு கேட்டேன். ரெண்டு தபா கேட்டேன்." அவளுக்கு விளங்கிவிட்டது. "நீ காதால கேக்கல. என் மூஞ்சியப் பாத்துக்கினு கேக்கற."

எனக்கு அது அதற்கு முன்னால் தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் உதடு அசைந்தால் எனக்குள் அவள் குரல் கேட்கும், நான் அதைக் காதில் விழுந்த குரல் என்றே நினைத்து வாழ்ந்திருக்கிறேன். முதுகைக் காட்டிக்கொண்டு அவள் என்ன சொல்லி அழுதாள் என்று கேட்டேன். குரல் முழுக்கப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாளாம். அதைச் சொல்லத் தைரியம் வராமல்தான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாளாம். எனக்கு அந்தக் குழம்பு அதற்குப் பிறகு இறங்கவில்லை.

திருப்பதிக்குக் கூட்டிப்போனேன், டாக்டர் அவளைக் கோபித்துக்கொண்டார். மறுபடி வந்து காட்டுகிற வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். அவள் பேசவில்லை. வீட்டில் தறிச் சத்தமும் இல்லாமல், அவள் சத்தமும் இல்லாமல் இருந்தேன். மெஷினைக் கழற்றி வைத்தால் தறியாவது கேட்டது, அதனால் கழற்றி வைத்தேன். அடுத்த தடவை பார்த்துவிட்டு, இனிச் சாதாரணக் குரலில் இரண்டொரு வார்த்தை பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே மகள் எங்களை அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மெஷின் சரியில்லை என்று சண்டை போடத்தான் மாடி ஏறினேன். அந்தப் பெண் மெஷினைச் சோதித்தாள், நன்றாக இருந்தது. பழைய கோட்டை எடுத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "அன்னிக்கு டெஸ்ட் பண்ணும்போது எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க அங்கிள்?" என்றாள். "பெருமாளத்தான்" என்றேன். அவள் அறைக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து பெருமாளைப் பார்த்தாள். கண்ணாடியில் ஜன்னலும் தன் மெஷினும் காலி நாற்காலியும் தெரிந்ததைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தின்மேல் ஒரு துண்டைப் போடலாம் என்றாள். பெருமாள் முகத்தை மூடக் கூடாது என்று மகள் சண்டைக்கு வந்தாள். திருப்பதியில் இதெல்லாம் லேசில் தீருகிற வழக்கில்லை. கடைசியில் நாற்காலியை ஒன்றுமே இல்லாத மூலைப் பக்கம் திருப்பினார்கள்.

இந்த முறை பட்டனுக்கு வேலை அதிகமில்லை. நான் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நேரம் போய்க்கொண்டிருந்தது. டெஸ்ட் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்து ஒருமுறை எட்டிப்பார்த்துத் திட்டு வாங்கினேன். முடிந்தபோது கோடு பாதாளத்தில் கிடந்தது. அந்தப் பெண் மெஷினுக்கு எல்லாவற்றையும் புதிதாக எழுதினாள். இரைச்சலை அமுக்குகிற வேலையையும் குறைத்து வைக்கச் சொன்னேன், தறி எனக்கு வேண்டும் என்றேன். சரி என்றாள்.

மாட்டினாள். அம்மாடி! மேலே ஃபேன் லாரி மாதிரி வந்தது. மகள் கையிலிருந்த பிளாஸ்டிக் பை வெடித்தது. "இன்னாது இது?" என்று கேட்டேன், அந்தக் குரலைக் கேட்டு நானே நடுங்கினேன். இத்தனை வருஷம் இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டா ஊரில் நடமாடினேன்? வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினேன்.

"இப்ப ஒரு டெஸ்ட்" என்றாள் அந்தப் பெண். "நீங்க சுவரையே பாருங்க. திரும்பக் கூடாது. அம்மா பின்னால நின்னு கூப்பிடுவாங்க. கேட்டா சொல்லுங்க." என் மனைவியிடம், "ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்கம்மா, சாதாரணமா" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வளையல் சத்தம் கேட்டது. பிறகு என் பெயர் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று, நடுவில் உடைந்து வந்த குரல். நாள்பட்ட சளி பிடித்த ஆம்பளைக் குரல். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் மனைவி என் பெயரைச் சொன்னதே கிடையாது. எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டார்கள். அவளுக்கு நான் எப்போதும் 'யோவ்'தான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"யாரோ பெரியவரு வந்துகீறாரு போல" என்றேன். "என் பேர சொல்றாரு. நம்ம ஊர் ஆளாத்தான் இருப்பாரு, உக்காரச் சொல்லு. இத முடிச்சுட்டு பேசறேன்."

பின்னால் பிளாஸ்டிக் பை மட்டும் சரசரத்தது.

"இன்னா எல்லாரும் சும்மா கீறீங்க? சரி, அவளப் பேசச் சொல்லு" என்றேன்.

"நான்தான்யா கூப்புட்டேன்" என்றது அதே குரல்.

மெஷினை விரலால் தட்டிப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "மெஷினு கெட்டுப் போச்சும்மா" என்றேன். "இது அவ கொரல் இல்ல. அவ கொரல் எனக்குத் தெரியாதா? வேற மாட்டு."

"மெஷின் சரியா இருக்கு அங்கிள்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மெஷின இன்னாத்துக்குத் திட்டற?" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "என் கொரலு ரொம்ப நாளா இப்புடித்தான் கீது. நீ இன்னைக்குத்தான் கேக்கற."

இத்தனை வருஷமும் அவள் உதடு அசையும்போதெல்லாம் எனக்குள் பேசிக்கொண்டிருந்தது, கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த பெண்ணின் குரல். அந்தக் குரல் எப்போதோ போய்விட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி, என் ஒருத்தனுக்காகவே அவள் அதைத் தீர்த்திருக்கிறாள். அது போனதுகூட எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு கேவலமான புருஷன் நகரியில் இன்னொருத்தன் இருப்பானா என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"இன்னொரு தபா கூப்புடு" என்றேன்.

"எதுக்கு? அதான் கேட்டுட்சே."

"கூப்புடுமே."

கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.